கைக்கு நீர் வார்த்த தையல்நாயகியார்

காவிரி பிரிந்து பிரிந்து மெலிந்து, வாய்க்கால் அளவாகிக் கடலைத் தேடிப் போகிற கீழைச்சோழ நாட்டிலே திருநல்லம்பூர் என்றோர் ஊர். அங்கே கோயில் கொண்டிருப்பவர் மருந்தளித்த நாதர். கோயிலுக்கு வடக்கே, தேர்முட்டியைத் தாண்டினால் மஞ்சள் சுண்ணாம்பு பூசிய சர்க்கார் ஆஸ்பத்திரி. நாற்பது வருஷங்களுக்கு முன்பு அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் தரை கூட்டி, ரத்தத் துணி அலசி, மலச்சட்டி கழுவி வாழ்ந்தவர் தையல்நாயகியார். அவர் பெருமையை அறிந்த மட்டும் இங்கே சொல்லுகிறோம்.

பொழுது புலர்கிற வேளையில் குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு கீழக்கோபுர வாசலில் வந்து நிற்பார். உள்ளே போவதில்லை. போகக் கூடாதென்று சட்டம் ஏதும் அப்போது இல்லை. ஆனால் அவர் தெருக்காரர்கள் கொடிமரத்தைத் தாண்டினால் முகம் சுளிக்கிறவர்கள் ஊரில் இருந்தார்கள். சுளித்த முகங்களுக்கு நடுவில் நின்று கும்பிடுவதைவிட வாசலே மேல் என்று அம்மையார் இருந்துவிட்டார். தொலைவில், இருட்டின் கோடியில், ஒரு விளக்குப் பொட்டு தெரியும். அதுவே அவருக்குத் தரிசனம். நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு நேரே வேலைக்குப் போவார்.

மணமான மூன்றாம் வருஷமே கணவரை இழந்தவர். பிள்ளை இல்லை. வார்டில் கிடந்த இருபது கட்டில்களும்தான் அவருக்கு வீடு வாசல் எல்லாம். "பிள்ள பெத்தவ படுத்திருக்குற எடம் கர்ப்பக்கிருகம். அவ பச்ச ஒடம்புக்காரி. அங்க ஒரு தூசு இருக்கக் கூடாது" என்பார். அப்படியே வைத்திருந்தார். நீறு பூசிய நெற்றியை எங்கே கண்டாலும், அவர் பிச்சைக்காரரே ஆனாலும், விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு விழுந்து கும்பிடுவார். இது அவர் இயல்பு.

அந்த வார்டில் ஒரு துன்பம் இருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும். தாயும் இரண்டு நாள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உடம்பு கொதிக்கும், நடுக்கம் காணும், அடிவயிற்றைத் தொடவிட மாட்டாள். பிரசவ ஜன்னி என்பார்கள். ஊசியும் மருந்தும் சிலரைக் காப்பாற்றின, சிலரைக் காப்பாற்றவில்லை. "அவ விதி" என்று அழுதுகொண்டே உறவுக்காரர்கள் வண்டி கட்டிப் போவார்கள். அம்மையாருக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. விதி என்றால் அது ஏன் கட்டில் வரிசை பார்த்து வருகிறது?

அப்படித்தான் வந்தது. டாக்டர் சாம்பமூர்த்தி தினமும் காலையில் வார்டைச் சுற்றி வருவார். கூடவே சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஒரு வெள்ளை எனாமல் பேசினை உருட்டிக்கொண்டு வருவார்கள். காலையில் மருந்து கலந்து நிரப்பிய தண்ணீர் அதில் இருக்கும். ஓரத்தில் ஒரு துண்டு தொங்கும். டாக்டர் ஒரு தாயைச் சோதிப்பார், பேசினில் கையை முக்குவார், துண்டில் துடைப்பார், அடுத்தவளிடம் போவார். நர்சுகளும் ஆயாக்களும் அப்படியே. பத்து மணிக்குத் தண்ணீர் கலங்கும். மதியத்துக்குள் சாம்பல் நிறம் ஆகிவிடும். துண்டு நாள் முழுக்க ஈரம் காயாது. மறுநாள் காலை அதைக் கொட்டுகிறவர் தையல்நாயகியார். கதவோரச் சுவரில் ஒரு குழாய் இருந்தது. திருகு கழன்று போனதிலிருந்து அதில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துணி அலசுகிற அறையின் சுவரில் கரித்துண்டால் இருபது கட்டங்கள் போட்டு, காய்ச்சல் கண்டவள் கட்டிலுக்கு ஒரு கோடு கிழித்து வந்தார். ஐந்தாம் கட்டில்காரிக்குக் காய்ச்சல் என்றால் அடுத்து ஆறிலும் ஏழிலும் ஒன்பதிலும் கோடு விழுந்தது. ஒன்று முதல் நான்கு வரை சுத்தமாக இருந்தது. ஒருநாள் டாக்டர் ஏதோ நினைப்பில் மறுகோடியிலிருந்து சுற்றிவரத் தொடங்கினார். இரண்டாம் நாள் நான்காம் கட்டில்காரிக்கு நடுக்கம் எடுத்தது. அன்று அம்மையார் கரித்துண்டைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். கோயிலில் சாமிக்கு ஆட்டிய தண்ணீர் கோமுகி வழியாக வெளியே ஓடிவிடுகிறது. அதை அள்ளி மறுபடியும் சாமி தலையில் யாராவது ஊற்றுவார்களா? இங்கே மட்டும் ஏன் ஊற்றுகிறார்கள்?

வார்டுக்குத் தலைமை சிஸ்டர் ஞானதீபம். அவரிடம் போய் நின்றார்.

"சிஸ்டரம்மா, இந்த பேசின் தண்ணிதான் காய்ச்சல கட்டிலுக்குக் கட்டில் தூக்கிட்டுப் போவுது."

"அதுல மருந்து ஊத்தியிருக்கு தையலு."

"காலையில ஊத்துனீங்க. இப்ப மணி பன்னெண்டு. இதுல நீங்க மொகம் கழுவுவீங்களாம்மா?"

ஞானதீபம் கெட்டவர் அல்லர். இருபது கட்டிலுக்கு இரண்டே நர்சுகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர். சலிப்போடு சொன்னார்: "குழாய்க்கு நாலு தடவ மேல எழுதிட்டேன். எழுதி எழுதி என் கைதான் தேஞ்சுது. எனக்குப் பாடம் எடுக்காத. போய்த் தரையைத் துடை."

போய்த் துடைத்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் இறைத்து, தம் கூலியில் வாங்கிய கார்பாலிக் சோப்பும் சொம்புமாக முதல் கட்டிலருகே நின்றார். டாக்டர் வந்ததும், "ஐயா, கை நீட்டுங்க" என்றார்.

"என்ன தையலு, எனக்கே திருமஞ்சனமா?" என்று டாக்டர் சிரித்தார். நர்சுகள் சிரித்தார்கள். டாக்டர் பேசினில் கையை முக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்றிலிருந்து அம்மையாருக்கு 'சொம்புத் தையலு' என்று பேர் விழுந்தது. வாசல்காவலன் முதல் மருந்துக்கட்டுக்காரர் வரை, "சொம்பு வருது, வழி விடு" என்பார்கள். அவர் வைத்த சோப்பு மூன்று முறை காணாமல் போனது. மூன்று முறையும் வேறு வாங்கி வைத்தார்.

பார்வையாளர் நேரத்தில் வருகிறவர்களிடமும் சொம்போடு நின்றார். அரிசி ஆலைக்கார வீட்டு அம்மாள் ஒருத்தி, பெயர் விசாலாட்சி, உறவுக்காரப் பெண்ணைப் பார்க்க வந்தவள், இரண்டடி பின்னுக்கு நகர்ந்தாள். "இவ ஊத்துற தண்ணியில நாங்க கை நனைக்கணுமா? காலம் கெட்டுக் கெடக்கு!" அம்மையார் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். "நீங்களே ஊத்திக்குங்கம்மா. நான் தொடல. கழுவுனாப் போதும்." அந்த அம்மாள் கழுவாமலே உள்ளே போய்ப் பிள்ளையை வாரி எடுத்துக் கொஞ்சினாள். அம்மையார் சொம்பைப் பார்த்தபடியே நின்றார். அவமானம் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் உதட்டில் பட்ட விரல்தான் அவரை அறுத்தது.

மாசி மாதத்தில் மேலதிகாரியான பெரிய டாக்டர் பார்வையிட வந்தார். அன்று காலை வார்டுக்கு எங்கிருந்தோ புதுத் துண்டுகள் வந்தன. வாசனைச் சோப்பு வந்தது. பேசின் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றப்பட்டது. மேஜை மேல் செவ்வந்திப் பூங்கொத்து. துப்புரவுக்காரர்களைப் பின்பக்கம் போய் இருக்கச் சொன்னார்கள். எல்லாரும் போனார்கள். அம்மையார் போகவில்லை.

பெரிய டாக்டர், "வார்டு நல்லா இருக்கே" என்றபோது, கதவோரத்திலிருந்து அவர் குரல் வந்தது. "இன்னிக்கு நல்லாருக்குங்க ஐயா. நாளைக்கும் ஒருக்கா வாங்க. சொல்லாம வாங்க."

பெரிய டாக்டர் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த வார்டுக்கு நடந்தார். அவர் கார் வாசலைத் தாண்டுமுன்னே துண்டுகளும் சோப்பும் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டன. மறுநாள் அம்மையாரைப் பிரசவ வார்டை விட்டு மாற்றி, துணி வெளுக்கிற கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். உத்தரவைப் படித்துக் காட்டிய குமாஸ்தா, "இனிமே சொம்பை அங்க வச்சு ஆட்டு" என்றார்.

கொட்டகை ஆஸ்பத்திரியின் பின்கோடியில். அங்கிருந்து வார்டு தெரியாது. ஆனால் வார்டின் துணி அவரிடம்தான் வந்தது. எந்தத் துணி சுகமாக இருப்பவளுடையது, எது காய்ச்சல்காரியுடையது என்று வாடையிலேயே அவருக்குத் தெரிந்தது. காய்ச்சல் துணி நாளுக்கு நாள் கூடியது. அண்டாவில் துணியைக் கொதிக்கவிட்டுக் கழியால் கிண்டிக்கொண்டே, "இன்னிக்கு அஞ்சு... இன்னிக்கு ஏழு" என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். சொல்ல வேறு ஆள் இல்லை.

அந்த நாள்களில்தான் பவுனம்மாள் பிரசவத்துக்கு வந்தாள். அம்மையாரின் தெருக்காரி, எதிர்வீட்டுப் பெண். தலைப்பிரசவம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவளை, "ஆஸ்பத்திரிக்கு வா பவுனு, நான் இருக்கேன், ஒரு கொற வராது" என்று தை மாதத்திலேயே சொல்லி வைத்தவர் அம்மையார்தான். ஆண் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் காய்ச்சல். வேலை முடிந்து அம்மையார் ஓடிவந்து பார்த்தபோது பவுனு கண் திறந்து, "அத்தை, நீ இருப்பேன்னியே. எங்க போன?" என்று கேட்டாள். ஏழாம் நாள் கண்ணை மூடினாள்.

தெரு அம்மையாரைக் கைகழுவியது. அவர் அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கவும் ஆள் இல்லை. பவுனுவின் தாய் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "ஒன் பேச்சக் கேட்டுத்தான்டி எம்மவள அனுப்பினேன்!"

அம்மையார் நேரே கோபுர வாசலுக்குப் போனார். அன்று கும்பிடவில்லை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, தொலைவில் தெரிந்த அந்த விளக்குப் பொட்டைப் பார்த்து வாய் திறந்தார்.

"மருந்தளித்த நாதராம்! யாருக்குய்யா மருந்தளிச்ச? ஒலகத்தையே சுத்தவிடுறியாம். ஒரு கொழாத் திருகைச் சுத்த ஒனக்குத் தெரியலியா? எட்டு மாசமாத் தொண்ட கிழியக் கத்துறேன். ஒரு மனுசன் காதுல ஏறல, சரி. ஒன் காதுலயுமா ஏறல? நீயும் அந்த பேசின்லதான் கை முக்குறியா?"

பூக்காரிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரோ, "சாமியத் திட்டாத, நாக்கு அழுகிப்போவும்" என்றார்கள். "அழுகட்டும். நாளைக்கும் வருவேன். நாளைக்கும் திட்டுவேன்" என்றார் அம்மையார். சொன்னபடியே வந்தார். பத்து நாள் திட்டினார். ஒருநாளும் நெற்றியில் நீறு இல்லாமல் வந்து திட்டவில்லை என்பதை அந்தப் பூக்காரிகளே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பதினோராம் நாள் கொட்டகைக்கு ஞானதீபம் சிஸ்டர் வந்தார். முகம் வாடியிருந்தது.

"தையலு, துணி அலசுற அறையில சுவத்துல நீ போட்ட கோட்டைப் பாத்தேன். என்னோட நோட்டையும் எடுத்து வச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணா இருக்கு." அம்மையார் கையிலிருந்த கழியை வாங்கி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு சாவுறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும். கர்த்தர் என்னை மன்னிக்கணும். வா, வார்டுக்கு" என்றார்.

"பேசின்?"

"தூக்கிட்டேன்."

அம்மையார் வார்டுக்குத் திரும்பினார். ஆனால் கவலை தீர்ந்துவிடவில்லை. நர்சுகளைச் சிஸ்டர் கழுவ வைத்தார். டாக்டரை யார் கழுவ வைப்பது? ஒருநாள் கை நீட்டுவார். மறுநாள் அவசரம் என்று போய்விடுவார். "பேசின் எங்கே?" என்று எரிந்து விழுவார். பார்வையாளர்களிலோ, அம்மையாரின் சொம்பை ஒதுக்கிவிட்டு வேட்டி முனையில் கையைத் துடைத்துக்கொள்கிறவர்கள், கூட்டத்தோடு நுழைந்துவிடுகிறவர்கள், "எங்க கை சுத்தம்தான்" என்கிறவர்கள் இருந்தார்கள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது.

அப்போது அம்மையார் ஒரு விரதம் பூண்டார். பவுனுவின் பெயரைச் சொல்லி, மருந்தளித்த நாதர்மேல் ஆணையிட்டார். பொழுது விடிந்து சாய்வதற்குள், கை கழுவாத ஒருவர் இந்த வாசலைக் கடந்து ஒரு தாயைத் தொட்டுவிட்டால், மறுநாள் பொழுது சாயும்வரை தம் நாவில் தண்ணீர் படாது. யாரிடமும் சொல்லவில்லை. ஞானதீபத்துக்கு மட்டும், அவர் உதடு வெடித்திருப்பதைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு, பிறகு தெரியவந்தது. பங்குனி வெயிலில் பிறர் கைக்கெல்லாம் குடம் குடமாக நீர் வார்த்துக்கொண்டு, தாம் ஒரு மடக்குக் குடிக்காமல் நின்றார். பல நாள் அப்படித்தான் போயிற்று.

பங்குனித் திருவிழாவில் பிட்சாடனர் வீதியுலா வருகிற நாள். அதற்கு முந்திய மூன்று நாள்களும் தொடர்ந்து யாராவது கழுவாமல் நுழைந்திருந்தார்கள். அம்மையாருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து, டாக்டர் விடுப்பில் இருந்ததாலும், அம்மையார் கதவின் குறுக்கே உட்கார்ந்துவிட்டதாலும், ஒருவரும் தப்பவில்லை. பார்வையாளர் நேரம். விசாலாட்சியம்மாள் இப்போது தன் சொந்த மருமகளைப் பார்க்க வந்திருந்தாள். பேரன் பிறந்து மூன்று நாள். முணுமுணுத்துக்கொண்டேதான் கழுவிவிட்டு உள்ளே போயிருந்தாள்.

அப்போது வாசலில் ஓர் ஆண்டி வந்து நின்றார். நெடிய உருவம். காலில் மரக்கட்டைச் செருப்பு. உடம்பெல்லாம் நீறு, கை இரண்டிலும் அள்ளிப் பூசியது போல நீறு.

"உள்ளே பிறந்திருக்கிற பிள்ளைக்கு நீறு இட வந்தேன். வழி விடு" என்றார்.

அம்மையார் தடுமாறி எழுந்து, அவர் காலில் விழுந்து கும்பிட்டார். எழுந்து மறுபடியும் வாசலை மறித்து நின்றார்.

"சாமி, கை நீட்டுங்க. தண்ணி ஊத்துறேன்."

"என் கையில் இருப்பது திருநீறு. அதைக் கழுவச் சொல்கிறாயா? நீறு கண்டால் விழுந்து கும்பிடுகிறவள் என்று உன்னை ஊர் சொல்கிறதே!"

உள்ளிருந்து விசாலாட்சியம்மாள் ஓடிவந்தாள். "அடி பாவி, சாமி எம்பேரனத் தேடி வந்திருக்காரு, மறிக்கிறியே! வழிய விடுடி!"

அம்மையார் பிறந்தது முதல் எந்த நீற்றைக் கும்பிட்டாரோ, அந்த நீறு எதிரே நின்று வழி கேட்கிறது. இரண்டு கையையும் குவித்தார், நகரவில்லை.

"சாமி, நீறு தெரியுது, கும்பிட்டுக்கிட்டேன். நீறுக்குக் கீழ என்ன ஒட்டியிருக்குன்னு எனக்குத் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுதான் எங்க பவுனைக் கொன்னுச்சு. கழுவிட்டுப் புதுசா நீறு பூசிக்குங்க. நானே தாரேன்."

"சபித்துவிடுவேன். உன் நாக்கு வறண்டு போகும்."

அந்த நிலையிலும் அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது வறண்டு மூணு நாளாச்சு சாமி."

ஆண்டி இரண்டு கைகளையும் நீட்டினார். அம்மையார் நீர் வார்த்தார். சோப்பைக் கொடுத்து, "விரல் இடுக்கு சாமி... நகத்தடி... மணிக்கட்டு வரைக்கும்" என்று எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னார். ஆண்டி ஒரு பிள்ளையைப் போல சொன்னபடியெல்லாம் செய்தார். வெண்ணீறு கரைந்து ஓடியது. மூன்று முறை நீர் வார்த்த பிறகுதான் அம்மையார் வாசலை விட்டு விலகினார்.

ஆண்டி உள்ளே போகவில்லை. திரும்பி நடந்தார்.

"பிள்ளையப் பாக்கலியா சாமி?"

"பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். மரச்செருப்பின் ஓசை தேர்முட்டி வரை கேட்டது. விசாலாட்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நாலரை மணி இருக்கும். கோயிலிலிருந்து கனகசபை குருக்கள் கோபமாக வந்தார். வேகமாக வார்டு வாசலுக்கு ஏறியவரை அம்மையார் கைகாட்டி நிறுத்தினார்.

"சாமி, கை."

"கை கழுவ வரலை. கேள்வி கேட்க வந்தேன். இங்கேருந்து யார் கோயிலுக்குள்ள வந்தது?"

"எதுவா இருந்தாலும் கழுவிட்டுக் கேளுங்க."

வேறு வழியில்லாமல் குருக்கள் கையை நீட்டினார். நீர் விழுந்தது. சோப்பைத் தேய்த்தார். தேய்த்த கை அப்படியே நின்றது. கையை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது.

"இதே வாசனை" என்றார். குரல் இறங்கிவிட்டது. "காலையில பிட்சாடனருக்கு அபிஷேகம் பண்ணி, மேனியெல்லாம் நீறு சாத்திட்டு நான்தான் நடையைப் பூட்டினேன். சாவி என் இடுப்பில. நாலு மணிக்குத் திறந்தா, மேனியில சாத்தின நீறு அப்படியே இருக்கு. கையில மட்டும் இல்லை. மணிக்கட்டு வரைக்கும் ஈரம். கிட்டப் போனா ஆஸ்பத்திரிச் சோப்பு வாசனை. யாரோ பூட்டை உடைச்சு வந்து விளையாடியிருக்கான்னு நினைச்சேன். பூட்டு உடையலை."

ஞானதீபம் கதவருகே வந்து நின்றிருந்தார். விசாலாட்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒசரமா... மரக்கட்டச் செருப்பு..." என்று அவள் தொடங்கியதும் குருக்கள் இரு கைகளையும் தலைக்கு மேல் குவித்துவிட்டார். பிச்சை ஏற்கும் ஈசன் கோலமான பிட்சாடனர் திருமேனியில் பாதுகை உண்டு என்பதை அவ்வூரில் அறியாதவர் இல்லை.

அம்மையார் சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தது. ஞானதீபம் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயில் வைத்தார். அம்மையார் குடித்தார்.

செய்தி ஊர் முழுதும் பரவியது. மறுநாள் முதல் வார்டு வாசலில் வரிசை. ஈசன் கை கழுவிய இடத்தில் கழுவ மாட்டோம் என்று யார் சொல்வார்கள்? விசாலாட்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மையார் கையாலேயே நீர் வார்க்கச் சொல்லி நின்றாள். அம்மையாருக்கு அதில் பெருமையில்லை, எரிச்சல்தான். "பவுனு செத்தப்ப கழுவாதவங்க, சாமி கழுவுனாருன்னதும் கழுவுறாங்க. ஒரு பொம்பள உசுரு பத்தல பாத்தீங்களா சிஸ்டரம்மா" என்றார். ஆனாலும் ஒருவர் விடாமல் நீர் வார்த்தார்.

விடுப்பு முடிந்து டாக்டர் சாம்பமூர்த்தி வந்தார். அம்மையாரின் தண்ணீர் விரதத்தைப் பற்றி ஞானதீபம் அவரிடம் சொல்லியிருந்தார். சுவரிலிருந்த கரிக்கோடுகளையும் அழைத்துப் போய்க் காட்டியிருந்தார். டாக்டர் வாசலில் வந்து நின்று, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டார்.

"ஏம்மா, இதை என்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனுங்க ஐயா. எட்டு மாசமாச் சொன்னேன்."

டாக்டர் கையை நீட்டினார். அன்று மாலையே தம் ஆளை அனுப்பிக் குழாய்க்குத் திருகு வைத்தார். எட்டு மாதத்துக்கு மேலாக ஒருவரும் செய்யாத வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. அதன் பிறகு ஐப்பசி வரை அந்த வார்டில் ஒருத்திக்குத்தான் காய்ச்சல் கண்டது. அவளும் பிழைத்து, பிள்ளையோடு வீடு போனாள்.

திருவிழாக் கொடி இறங்கிய அன்று, குருக்கள் பூரண கும்பத்தோடு கோபுர வாசலுக்கு வந்து அம்மையாரை அழைத்தார். அம்மையார் கொடிமரம் தாண்டி, நந்தி தாண்டி, கருவறை முன் போய் நின்றார். வாசலிலிருந்து பொட்டாகத் தெரிந்தது கைக்கெட்டும் தூரத்தில் தீபமாக எரிந்தது. ஊரார் எல்லாம் கூடி, அவர் என்ன பாடுவார், என்ன வரம் கேட்பார் என்று காத்திருந்தார்கள்.

அம்மையார் வெகுநேரம் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. "வந்ததுக்குச் சந்தோசம்யா. பவுனுக்கு முன்னாடி வந்திருக்கலாம்ல?" என்றார்.

குருக்கள் தீபம் காட்டி நீற்றை நீட்டினார். அம்மையார் நீறு வாங்கிப் பூசிக்கொண்டு, பார்வையாளர் நேரம் ஆகிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்.

இறைவனையும் வாசலில் நிறுத்திக் கை நீட்டச் சொன்ன தையல்நாயகியார் திருவடியை நாமும், கழுவிய கையோடு தொழுவோம்.